பீச் – தாம்பரம், போய்த் திரும்பும் நேரம்

வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறம்.
ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்,
நான் வைக்கோலைக் கிட்டத்தில் பார்த்தது
கிண்டிப் பக்கம் ஒரு குதிரை லாரியில்தான் என்றாலும்.

லூர்துநாதன், முப்பத்தொன்று, ஆண்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
வலது விலாவுக்குப் பின்னால் ஊசி செருகி
அறுநூறு மில்லி எடுத்ததாக வார்டு சீட்டு சொல்கிறது.
எனக்கு வந்தது விரலளவு குழாய்.

ஜன்னலுக்கு வெளியே அவர் மனைவி ஜெசிந்தா.
புளி தேய்த்தும் மீன் வாசம் போகாத கை
கம்பியைப் பிடித்திருக்கிறது.
"எவ்ளோ நேரம் ஆவும்மா?"
பீச்சுலருந்து வந்தீங்க இல்ல,
அதே ரயிலு திரும்பப் போயி
மறுபடி தாம்பரம் வர்ற நேரம்.
"அவ்ளோதானா?
எங்கப்பாவுக்கு சளிய வச்சு ரெண்டு மாசம் வளத்தாங்க.
வளந்துருச்சுன்னு ஆள் வந்து சொல்றப்போ
கல்லறைக்கு வெள்ளையடிச்சிட்டு இருந்தோம்."

ஒரு பங்கு நீருக்கு இரண்டு பங்கு மருந்து.
குலுக்கு. பதினைந்து நிமிடம் சும்மா இரு.
சும்மா இருப்பதற்கும் கையேட்டில் ஒரு வரி உண்டு.
கேட்ரிட்ஜில் ஊற்றி மூடிவிட்டால்
அப்புறம் எனக்கு வேலையில்லை.
உள்ளே அது கிருமியின் தோலை உடைத்து
மரபுச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைத் தேடும்,
கிடைத்தால் இரண்டாக்கி, நான்காக்கி,
கந்துவட்டிக்காரன் கணக்கில் பெருக்கி
வெளிச்சம் போட்டுக் காட்டும்.

கிடைத்தால்.

மனதில் ஓட்டிய ரயில்
சானடோரியம் ஸ்டேஷனைத் தொடும்போது
திரையில் வந்தது:
காசநோய்க் கிருமி கண்டறியப்படவில்லை.

ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.
நான் அவசரமாக, தேவைக்கு மேல் அவசரமாக,
"இல்லைன்னு அர்த்தமில்லக்கா" என்றேன்.
"அப்போ இருக்குன்றியா?"
"அதுவும் இல்ல."
அவள் பார்த்த பார்வைக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

நுரையீரலைப் போர்த்திய சவ்வில்தான் அது உட்கார்ந்திருக்கும்,
நீரில் இறங்கி வருவது அபூர்வம்.
நீர், உடம்பின் கோபம்.
கோபத்தில் எதிரியின் கைரேகை
எப்போதும் பதிந்திருப்பதில்லை.
இதையா சொல்வது?
"ஐஸ் பெட்டியில ஒரு மொடக்குத் தண்ணிய மோந்து பாத்துட்டு
மீனே இல்லைன்னு சொல்லிற முடியுமாக்கா?"
சிரிக்கவில்லை. ஆனால் கிளம்பவும் இல்லை.

டாக்டர் நஸ்ரீன் மற்ற தாள்களைப் புரட்டினார்.
ஏடிஏ எழுபத்தெட்டு. லிம்போசைட் தொண்ணூறு.
"மெஷின் ஆமான்னா நம்பு.
இல்லைன்னா, யோசி."

செவ்வாய்க்கிழமை
விலா இடுக்கில் குழாய் விட்டு
அரிசியளவில் மூன்று துண்டு சவ்வு எடுத்தார்கள்.
அரைத்தேன். ஊற்றினேன்.
நடுவில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் முனகியது,
யூபிஎஸ்-க்கு ஒரு கும்பிடு.

இந்த முறை:
ட்ரேஸ்.
பதிவேட்டில் தமிழில் எழுதினேன், சுவடு.
ஈர மணலில் நண்டு ஒன்று போன அளவுக்கு.
ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா?
சொல்ல இயலாது, என்றது இயந்திரம்.
அதை மட்டும் பழைய வழியில்
வளர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஆறு வாரம்.
ஜெசிந்தாவிடம் வளர்ப்பது என்ற சொல்லை நான் சொல்லவில்லை.
மாத்திரை அன்றைக்கே ஆரம்பித்தாயிற்று.

மூன்றாவது வாரம் மறுபடி ஜன்னலில்.
"மூத்திரம் ஆரஞ்சா போவுதுன்னு ஒரே ரகளை."
அது மாத்திரைக்கா.
"தெரியும், நர்சம்மா சொன்னாங்க. சும்மாதான் வந்தேன்.
படுத்தா மூச்சு முட்டலையாம் இப்போ."
கம்பி வழியாக ஒரு பை.
சங்கரா மீன், மேலே அவர் கடையின் ஐஸ்.

இந்த ஃப்ரிட்ஜில் உணவுப்பொருள் வைக்கக் கூடாது,
நானே எழுதி ஒட்டிய தாள்.
பையை வெளிப்பக்கக் கொக்கியில் மாட்டினேன்.
அடுத்த குழாய் வந்துவிட்டது.
பெண், பத்தொன்பது, ஓட்டேரி.
வைக்கோல் நிறம்.

குலுக்கிவிட்டுச் சும்மா இருந்த பதினைந்து நிமிடமும்
வெளியே ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.